நாவல்பழ நாக்கு

நாவல்பழத்தைக் கல்லுப்போடு வாயில் போட்டால் முதலில் உப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் நாக்கை உள்ளேயிருந்து யாரோ சுருட்டிப் பிடித்த மாதிரி ஒரு துவர்ப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தத் துவர்ப்பு அடங்குவதற்குள் நாக்கு கருநீலமாகிவிடும். புதுச்சேரியில் நான் பதினோராம் வகுப்பு படித்த பெண்கள் பள்ளியின் பின்பக்கச் சந்தில், கம்பி கேட்டை ஒட்டி, அந்த ஆனி ஆடி முழுக்க அஞ்சலையக்கா பழக்கூடையோடு உட்கார்ந்திருப்பார். சேதராப்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். "நாவப்பழோம்... நாட்டு நாவப்பழோம்" என்று அவர் கூவினால் மாடி வகுப்பில் இருக்கும் எங்களுக்கு வாயூறும். கம்பி இடுக்கு வழியாகப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, நாங்கள் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, "எங்க, நாக்க நீட்டு பாக்கலாம்" என்பார். யார் நாக்கு அதிகக் கறுப்போ அவளுக்கு ஒரு பழம் கூடுதல். பதினாறு வயசுக் கழுதைகள், வெட்கமில்லாமல் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்போம்.

அந்த வருஷம் ஆங்கிலத்தில் எங்களுக்கு ஒரு வெளிநாட்டு நாடகம் பாடமாக இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு சிற்றூரில், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட சில பெண்பிள்ளைகள் அடிக்குப் பயந்து, தங்கள் மேல் சூனியம் ஏவிவிட்டதாக ஊர்ப் பெண்களைக் கைகாட்டுகிறார்கள். ஒருத்தி விழுந்து துடித்தால் பின்னாலேயே மற்றவளும் துடிக்கிறாள். ஊர் நம்புகிறது, கோர்ட்டு நம்புகிறது, ஒரு பாவமும் அறியாதவர்களைக் கொண்டுபோய்த் தூக்கில் போடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஊர் முழுக்கவா மிஸ் இப்படி மக்குங்களா இருக்கும்?" என்று கேட்டேன். பாடம் நடத்திய ஜோசபின் மிஸ் பிரான்சில் பாதிச் சொந்தக்காரர்களை வைத்திருந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். "நடிச்சுப் பாரு, புரியும்" என்று சொல்லி, அந்த விசாரணைக் காட்சியையே ஆண்டு விழாவுக்குப் போடுவதென்று முடிவு செய்துவிட்டார். முதலில் அலறிக் கைகாட்டும் பெண்ணாக நான். என் வாய்க்கு வேறு எந்த வேஷமும் பத்தாது என்று வகுப்பே சிரித்தது. கூண்டில் நிற்கும் பெண்ணாக என் பெஞ்சுக்காரி வாணி. ஒத்திகையில் சத்தம் கூடிப்போனால் மிஸ் "தூஸ்மா, தூஸ்மா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். ஆனால் என்னிடம் மட்டும், "கண்ண ஒரே எடத்துல நிறுத்து. அங்க நெசமாவே அவ நிக்கிறான்னு நெனச்சுப் பயப்படு" என்றார்.

அதே மாதங்களில் போன் போனாக இன்னொரு பயம் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வியாபாரி வேஷத்தில் வருகிறார்களாம், தின்பண்டத்தில் மயக்க மருந்து வைக்கிறார்களாம். நேற்று தவளக்குப்பத்தில் பிடித்தார்களாம் என்பார்கள். போய்ப் பார்த்த ஒருவரும் இல்லை. "வெளியாளு எது குடுத்தாலும் வாங்கித் திங்காதடி" என்று அம்மா தினமும் வாசலில் நிறுத்திச் சொல்லுவாள். நான் நீல நாக்கை உள்ளே வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் தலையாட்டுவேன். தலையாட்டுவது எனக்கு அப்போதே நன்றாக வந்தது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஸ் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் எட்டுப் பேரும் கேட்டுப் பக்கத்து வெற்றிடத்தில் ஒத்திகையைத் தொடங்கிவிட்டோம். தொடங்குமுன் ஆளுக்கொரு பொட்டலம் பழம். கண்ணை நிறுத்த எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே அஞ்சலையக்காவின் சிவப்பு முந்தானை தெரிந்தது, அதில் நிறுத்திக்கொண்டேன். உயிர் போகிற மாதிரி அலறி, விழுந்து, கைகால் வெட்டி, நாக்கு வெளியே தள்ள விரலை நீட்டினேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் அலறி விழுந்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்குப் பிரமாதமாக நடித்தேன். அஞ்சலையக்காகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சந்தில் பைக்கில் போன ஒருவர் பார்த்தது வேறு. பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் விழுந்து துடிக்கின்றன, வாயெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது, ஒருத்தி விரலை நீட்டுகிறாள், விரலுக்கு நேரே கூடையோடு ஒரு வெளியூர்க்காரி சிரித்துக்கொண்டிருக்கிறாள். "பழத்துல மருந்து வெச்சிருக்காடா" என்று அவர் போட்ட கூச்சலுக்குச் சந்து நிறைந்துவிட்டது.

முதல் அடி செருப்பால் விழுந்தது. அப்புறம் யாரோ கொண்டையைப் பிடித்து இழுத்து, தலையைக் கேட்டுக் கம்பியிலேயே மோதினார்கள். மூக்கிலிருந்து வந்த ரத்தம் உள்ளே என் பாவாடை வரைக்கும் தெறித்தது. வயிற்றில் மிதித்தார்கள். அவருடைய தராசை எடுத்தே அவர் முதுகில் அடித்தார்கள். கூடை கவிழ்ந்து, பழத்தை மிதித்த கால்கள் வழுக்க வழுக்க, வழுக்கிய கோபத்துக்கும் சேர்த்து உதைத்தார்கள். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. தன் பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஓர் அம்மா, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அடித்தார். "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல, பாப்பாவ கேளுங்க, அந்தப் பாப்பாவ கேளுங்க" என்று அஞ்சலையக்கா கத்தினார். வாணி கம்பியைப் பிடித்து உலுக்கி, "டிராமா சார், டிராமா ஒத்திகை" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் நாக்கும் நீலமாக இருந்தது; மருந்தில் உளறுகிறாள் என்று ஒரு பெண் அழுதார்.

ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த ஒருவர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டருகே குனிந்தார். "பயப்படாதம்மா. மாமா இருக்கேன். இவதான குடுத்தா?" என்று என்னைக் கேட்டார்.

அத்தனை பெரியவர்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இல்லை என்று சொன்னால் இந்தக் கைகள் எல்லாம் என் பக்கம் திரும்புமோ என்று பயந்தேன். அது பாதி. மீதிப் பாதியைச் சொல்ல இன்றைக்கும் நா கூசுகிறது: அத்தனை பேர் எனக்காகக் கொதித்து நின்றது ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. தலையாட்டினேன். ஹெல்மெட் மேலே போய் அஞ்சலையக்காவின் இடது காதின் மேல் இறங்கியது. இரண்டாவது தடவையும் அதே இடத்தில். அவர் அதற்கப்புறம் கத்தவில்லை.

ஜோசபின் மிஸ் சாவியோடு ஓடிவந்து கேட்டைத் திறந்து, அவர்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். மிஸ்ஸின் முதுகிலும் நாலு அடி விழுந்த பிறகுதான் கூட்டம் நின்றது. அஞ்சலையக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் ஜீப் வரும்வரை அவரிடம் "தூஸ்மா, தூஸ்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீசிடம், ஒத்திகைதான் சார், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தலையாட்டியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பார்த்தவர்களில் அதை வெளியே சொல்லக்கூடியவள் வாணி மட்டும். அவள் மறுநாள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஆண்டு விழாவில் நாடகம் இல்லை, ஆனால் பாடம் இருந்தது, பரீட்சை இருந்தது. நாடகத்தில் வரும் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்று கேள்வி வந்தது. பெண்பிள்ளைகள்தான் பொறுப்பு, கூட்டம் வெறும் கை, அவர்கள்தான் நாக்கு என்று நாலு பக்கம் எழுதினேன். மிஸ் அதை வகுப்பில் நல்ல பதில் என்று வாசித்துக் காட்டினார். வாணி டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்தக் கேட்டை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், நாடகமும் பாடத்தில் இல்லை, ஜோசபின் மிஸ் பிரான்சுக்கே போய்விட்டார். போன ஆடியில் பெரிய மார்க்கெட்டில், பூக்கடைகளைத் தாண்டி, ஒரு நாவல்பழக் கூடையின் பின்னால் அஞ்சலையக்காவைப் பார்த்தேன். அந்த இடத்தில் எல்லோரும் கூவிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் குந்தி, என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் விரலை நீட்டி, "அந்தப் பழத்துலேருந்து போடுங்கக்கா" என்றேன். சட்டென்று அவர் கை எழுந்து காதை மூடிக்கொண்டது. அப்புறம் கையை இறக்கி, "ஒண்ணுமில்ல பாப்பா, அப்படியே வந்துடுது" என்று முந்தானையைச் சரிசெய்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

அவர் பழத்தைப் பார்த்துக் குனிந்திருந்தபோது, என் பக்கமிருந்த காதருகே போய், "அக்கா, அன்னிக்கு ஸ்கூல் கேட்டுல தலையாட்டினது நான்தான்" என்றேன். சொல்லிவிட்டேன்.

"அது கேக்காது பாப்பா. இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றார் அஞ்சலையக்கா.

எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தைத் திருப்பி, நல்ல காதை எனக்குக் கொடுத்துக் காத்திருந்தார்.

"அரைக்கிலோ போடுங்க" என்றேன்.