மசி காய்ந்த கட்டைவிரல்

எங்க வூட்டுக்காரரோட கட்டைவிரல்ல எப்பவும் மசி இருக்கும். பாத்தா ஏதோ பெரிய ஆபீசர்னு நெனைப்பீங்க. அவரு ஈச்சங்கூடை பின்றவரு. தெனமும் பொழுது சாய்றதுக்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி ரேகை வெச்சிட்டு வரணும். என்ன தப்பு செஞ்சாருன்னு கேக்காதீங்க, பொறந்ததுதான் தப்பு. எங்க சனம் மொத்தத்தையும் திருட்டுச் சாதின்னு வெள்ளைக்காரன் சட்டத்துல எழுதி வெச்சிருந்தான். ரேகைச் சட்டம்னு அதுக்குப் பேரு.

திருத்தணில ஆடிக் கிருத்திகை வந்தா ஊரெல்லாம் காவடி. எங்க ஆம்பளைங்க மட்டும் மூணு நாளும் ஸ்டேஷன் பின்னாடி புளியமரத்தடில உக்காந்துகினு இருக்கணும். கூட்டத்துல கை வெச்சிடுவாங்களாம்! நான் கூழு எடுத்துகினு போவேன். ஒரு வருஷம் மலைமேல யாரோ ஒருத்தங்க அட்டிகை காணாமப் போச்சு. ஏட்டு நேரா வந்து எங்காளுங்க மடியைத்தான் ஒதறினாரு. எனக்கு வந்துச்சே கோவம்!

"ஏங்க, இவங்களை எண்ணி எண்ணி உக்கார வெச்சதே நீங்கதானே? எப்பிடிங்க மலையேறினாங்க?"

ஏட்டு கொஞ்ச நேரம் நெசமாவே யோசிச்சாரு. அப்புறம், "சட்டம் அப்பிடி இருக்குது, நான் என்னம்மா செய்ய?"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல, பாவம்.

அந்த வருஷந்தான் எங்க பொண்ணுக்கு விஷ ஜுரம். பொழைச்சா பூக்காவடி எடுக்கறேன்னு எங்க வூட்டுக்காரரு முருகனை வேண்டிக்கினாரு. பொண்ணு பொழைச்சி ஓடியாடுது, காவடிதான் மலையேறல. அப்புறம் வந்த மூணு கிருத்திகைக்கும் புளியமரத்தடில உக்காந்து அரோகரா சத்தத்தைக் காதால கேட்டதோட சரி. சாமி கோச்சிக்கிச்சோன்னு புள்ளை தும்மினாக்கூட நடுங்குவாரு.

வெள்ளைக்காரன் கெளம்பின சமயத்துல அந்தச் சட்டத்தையும் எடுத்துட்டாங்க. நேத்து வரைக்கும் திருடன், இன்னைக்கு நல்லவன். எங்காளு ஒண்ணும் மாறல. அதே கூடை, அதே கூழு, அதே கொறட்டை. அப்போ இத்தினி வருஷம் தப்பு யாருதுங்க?

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சத்துணி கட்டி, பூக்காவடி தூக்கி, பொண்ணைக் கூட்டிகினு கெளம்பினோம். பாத்தா மனுஷன் ஸ்டேஷன் பக்கம் திரும்புறாரு! அவரு எனக்கு அத்தை மவன், பாவான்னுதான் கூப்பிடுவேன்.

"பாவா, எங்க போறே?"

"ஒரு ரேகை வெச்சிட்டுப் போயிடலாமே."

தலைல அடிச்சிக்கினேன். தோள்ல காவடியோட ஏட்டு முன்னாடி போயி நின்னு கட்டைவிரலை நீட்டறாரு.

"யோவ், ரிஜிஸ்தரே இல்லய்யா, போ!"

"நாளைக்கு, ஏன் வரலன்னு அடிக்க மாட்டீங்களே?"

ஏட்டுக்குச் சிரிப்பு தாங்கல. "போய்யா, எனக்கும் சேத்து ஒரு அரோகரா போடு."

மலையடிவாரத்துல சரவணப் பொய்கைல முங்கி எழுந்து படிப்பக்கம் வந்தோம். பொதட்டூர்பேட்டைக்கார அம்மா ஒருத்தங்க, எங்களை முன்னபின்ன பாத்ததே இல்ல, சங்கிலியையும் வளையலையும் கழட்டித் துணில முடிஞ்சி எங்க வூட்டுக்காரரு கையில குடுத்துட்டாங்க.

"அண்ணா, கொஞ்சம் பாத்துக்கோங்க, முங்கிட்டு வந்துடறேன்."

மனுஷன் கல்லாட்டம் நின்னாரு. ஒரு கை காவடில, ஒரு கையில முடிச்சு. மூக்குமேல ஈ ஒக்காந்தாக்கூட ஓட்டல. கண்ணுல தண்ணி. நான் சுத்தும் முத்தும் பாக்கறேன். யாராச்சும் தெரிஞ்ச போலீசு பாத்துட்டா?

அந்தம்மா ஈரத்தோட வந்து முடிச்சை வாங்கி இடுப்புல சொருகினாங்க.

"பிரிச்சி எண்ணிப் பாத்துக்கம்மா"ன்னாரு.

"எதுக்குண்ணா?"ன்னு கேட்டுட்டு, அவங்க பாட்டுக்குப் படியேறிட்டாங்க.

எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு பாருங்க, காவடி மணியெல்லாம் குலுங்குச்சு. "எதுக்குண்ணாவாம்! எதுக்குண்ணாவாம்!"னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிகினே படி முழுக்க ஏறினாரு. அரோகரா போடவே மறந்துட்டாரு. அவருக்கும் ஏட்டுக்கும் சேத்து நாந்தான் போட்டேன்.