பிக்கப் வண்டிகளுக்கு நடுவே வெர்னா

மோதிரத்தின் விளிம்பால் இரண்டே தட்டு. பிறகு வண்டிக் கண்ணாடி இறங்கும்வரை வெர்னா ஸ்டம்போ, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமே. கண்ணாடி இறங்கியதும், "கண்ணு, எஞ்சின மொதல்ல அணை. பெட்ரோல் என்ன, உங்கப்பா வீட்டுக் கெணத்துலயா ஊறுது?" என்பார்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகக் கதவு நாற்பது அடி தூரம்தான். அந்த நாற்பது அடியை நடக்க முடியாமல் பிக்கப் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஆண்கள் தினமும் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். நிலக்கரிச் சுரங்கம் மூடினதிலிருந்து இப்படித்தான். மலைக்குள் இறங்கப் பயப்படாதவர்கள், வேலை கேட்டு ஒரு கதவைத் திறக்கப் பயப்படுகிறார்கள். அதனால் வெர்னாவே அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு வெளியே வருவார். மழையோ பனியோ கணக்கில்லை. வருமுன் கதவருகில் ஒரு நொடி கண்களை மூடுவார். யாருக்காக ஜெபம் என்று கேட்டால், "எந்த வண்டியில யாரு ஒக்காந்திருக்காங்கன்னு மேல இருக்கறவருக்குத்தான தெரியும்" என்று சிரிப்பார்.

கிழக்குக் கென்டக்கியின் எட்டு மாவட்டங்களுக்கும் பொதுவான, லாபம் பார்க்காத சேவை அமைப்பின் அலுவலகம் அது. அரசு தரும் பயிற்சிப் பணம், கல்லூரி, ஆள் தேடும் நிறுவனம், வேலை போன மனிதர் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது அதன் பொறுப்பு. வெர்னாவின் மேசை பெரும்பாலும் ஏதாவது ஒரு வண்டியின் பானெட்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள். முதல் வருடம் நாற்பத்தொரு பேர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். நாற்பத்தொரு படிவமும் செல்லாதென்று திரும்பி வந்தன. பயிற்சி இடங்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன. வெர்னா அன்று காரில் உட்கார்ந்து அழுதாராம். தானும் அந்த மலையில் பிறந்தவர்; இது தெரிந்திருக்க வேண்டும். அங்குள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சபையில் எழுந்து நின்று பாவத்தைச் சொல்வார்கள். திறமையைச் சொல்லச் சொன்னால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். தன்னைத் தானே புகழ்வது அங்கே அவ்வளவு கேவலம்.

அன்றிலிருந்து அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். அந்தக் கட்டத்தை யாரும் தனக்குத் தானே நிரப்பக் கூடாது. கூட வேலை பார்த்தவர்தான் நிரப்ப வேண்டும்.

போன வியாழக்கிழமை ஹோபர்ட் ஸ்லோனின் முறை. குடிநீர் நிலையப் பயிற்சியில் ஒரே ஓர் இடம் பாக்கி. நான்கு மணிக்குள் படிவம் போயாக வேண்டும். போகாவிட்டால் திங்களன்று அவர் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஒரு கிடங்குக்கு மூட்டை சுமக்கப் போகிறார். பள்ளிக்கூடத்தில் சமைக்கும் மனைவி இங்கேயே இருப்பார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு.

"எனக்கு என்ன தெரியும், மிஸ் வெர்னா? இருவத்திரெண்டு வருசம் சுரங்கத்துத் தண்ணிய வெளிய தள்ளுனேன். அது ஒரு வேலையா?"

பக்கத்து வண்டியிலிருந்து அவருடைய சுரங்கத் தோழர் டெல்மரை வெர்னா இழுத்து வந்தார். டெல்மர் பானெட்டில் படிவத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"இவன் சபையில பாடுனா நாய்கூட எழுந்து வெளிய போயிடும். அதையும் எழுதவா?"

"கேட்டதுக்கு மட்டும் எழுது, டெல்மர். நானும் அந்தப் பாட்டக் கேட்டவதான்."

"டேய், என்னத்தடா அவ்ளோ எழுதுற?" என்றார் ஹோபர்ட்.

"ஒன் மரண அறிவிப்பு. சும்மா இரு."

எழுதி முடித்தபோது மூன்று ஐம்பது. அடியில் ஹோபர்ட் கையெழுத்துப் போட வேண்டும், மேலே இருப்பதெல்லாம் உண்மை என்று. அவர் இரண்டு வரி படித்தார். காது மடல் சிவந்தது. பேனாவை வைத்துவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது பெருமையடிக்கறது. எங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்து அறைவா."

"பொய் எதாச்சும் இருக்கா?" என்றார் வெர்னா.

"பொய் இல்ல. ஆனா..."

"இண்டியானாவுக்குப் போயி நல்லா மூட்டை தூக்கு, போ!" என்று டெல்மர் கத்தினார். குரல் பாதியில் உடைந்தது.

வெர்னா அவரைக் கையமர்த்தினார். பிறகு தன் உள்ளங்கையைப் படிவத்தின் முதல் வரியில், பெயர் இருந்த இடத்தில், அழுத்தி வைத்தார்.

"பேர விடு, கண்ணு. இப்படி ஒரு ஆளு ஊருத் தண்ணியப் பாத்துக்கறேன்னு வந்து நிக்கறான். நீதான் அங்க மேனேஜரு. முழுசாப் படிச்சிட்டு, உள்ள விடலாமா வேணாமான்னு சொல்லு."

ஹோபர்ட் உதடுகள் அசையப் படித்தார். பம்பின் மேல் கை வைத்தே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்வார். வெள்ளத்தின்போது மூன்று நாள் தூங்காமல் சபைக் கட்டிடத்தின் அடித்தளத்திலிருந்து தண்ணீர் இறைத்தார். அவர் பம்பைப் பார்த்துக்கொண்ட இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூடச் சுரங்கத் தண்ணீரில் சாகவில்லை. கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"விடலாம்," என்றார்.

"சும்மா சொல்லக் கூடாது."

"எம் பேத்தி குடிக்கற தண்ணியா இருந்தாலும் விடுவேன்."

வெர்னா பெயரின் மேலிருந்து கையை எடுத்து, பேனாவை நீட்டினார்.