அக்கா சொன்ன பத்து நிமிஷம்

தம்பி பிழை பொறுக்கிக்கொண்டிருந்தான். திட்டவில்லை, அவன் உத்தியோகமே அதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் கம்பெனி. டூட்டியில் இருக்கும் நர்ஸ் கையில் ஒரு போன் கொடுப்பார்கள். எந்த நோயாளிக்கு எப்போது மருந்து, யாருக்குக் காய்ச்சல் எவ்வளவு, எல்லாம் அதில் பதிய வேண்டும். அந்தப் போனில் ஒவ்வொரு பொத்தானையும் முந்நூறு தடவை அமுக்கிப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுப்பது இவன் பாடு. ஆறு வருடம். வீட்டில் அக்காவோடு சேர்ந்து அம்மாவும் தம்பி என்றே கூப்பிட்டு அதுவே பெயராகி, அது எப்படியோ ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டது. மீட்டிங்கில் "தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறை" என்பார்கள். மற்றபடி உப்புக்குச் சப்பாணி.

அவனுக்கோ ப்ராடக்ட் மேனேஜர் ஆக வேண்டும். அம்மாவுக்கு இது விளங்கவில்லை.

"பொருளை விப்பியா?"

"இல்லம்மா."

"செய்வியா?"

"இல்ல. என்ன செய்யணும்னு மத்தவங்களுக்குச் சொல்லணும்."

"அதுக்குச் சம்பளமா? நான் இந்த வீட்டுல முப்பது வருஷமா அதைத்தானே சும்மா செய்யறேன்!"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவனுக்கு வரும்மா. சின்ன வயசுலேர்ந்தே எல்லாத்தையும் உத்து உத்துப் பாப்பான்" என்றாள்.

அவனைவிடப் பதினொரு வயது மூத்தவள். அப்பா செத்ததும் அவனுக்குத் தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது எல்லாம் அவள்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சமையலறையில் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் தம்பியிடம் கொட்டுவாள். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். வேறு யாரிடமும் சொல்லும் பழக்கமும் இல்லை. அவள் மனசுக்கு இருந்த ஒரே வடிகால் அவன்தான்.

அப்படித்தான் ஒருநாள் அந்த மஞ்சள் பலகையைப் பற்றிச் சொன்னாள். பகல் மூன்று மணிக்கு, மருந்து கொடுத்து முடிந்ததும், துணி அறைப் பக்கம் 'தரை ஈரம், கவனம்' பலகையை நிறுத்திவிடுவார்களாம். பெரிய டாக்டர்கூட அதைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவார். வார்டில் நாலு நர்ஸ். மூன்று பேர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள, ஒருத்தி உள்ளே போர்வை மூட்டை மேல் காலை நீட்டிப் பத்து நிமிஷம் உட்காருவாள். முறை வைத்து.

"தரை கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கும்டா!" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத."

"சே, நான் ஏன் சொல்லப் போறேன்" என்றான்.

அதே கம்பெனியில் அந்த மேனேஜர் வேலைக்கு மூன்றாவது முறையாக நேர்முகத்துக்குப் போனான். முதல் இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிரிவுத் தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டு, "புஸ்தகத்துல இருக்கறது வேணாம். தினசரி வாழ்க்கையில நீங்களா கவனிச்சது ஒண்ணு சொல்லுங்க. எந்த நர்ஸும் நம்மகிட்ட வாய் திறந்து சொல்லாதது" என்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. வாயில் வந்தது அக்காவின் பத்து நிமிஷம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு வேலை கிடைத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவன் முதலில் எழுதிய திட்டம் நல்ல திட்டம். போனில் 'ஓய்வு' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பத்து நிமிஷத்துக்கு அழைப்பெல்லாம் அடுத்த நர்ஸுக்குப் போகும்; ஒளிந்து உட்கார வேண்டியதில்லை. கூட்டத்தில் தலைவி அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதை வாங்கப்போறது நர்ஸா, ஆஸ்பத்திரியா?"

பதிமூன்று பேர் அவனைப் பார்த்தார்கள். புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம். நர்ஸுக்கும் ஓய்வு வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மத்தியானத்துக்குள் திட்டத்தை அவனே மாற்றி எழுதிவிட்டான். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. புதுத் திட்டப்படி, நர்ஸின் போன் நாலு நிமிஷம் நகராமல் இருந்தால் மேற்பார்வையாளர் திரையில் சிவப்பு விளக்கு எரியும். எந்த அறை, யார் என்று காட்டும். வேலியே பயிரை மேய்ந்தது என்றால் இதுதான். கைதட்டினார்கள். அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கம்பெனி விழாவில் 'அன்றாடமே என் ஆசான்' என்று மேடையேறிப் பேசினான். "என் அக்கா ஒரு நர்ஸ்" என்று ஆரம்பித்து, மஞ்சள் பலகை, போர்வை மூட்டை, ஒன்று விடாமல். நன்றாகப் பேசினான், பாவி. அந்த வீடியோவைப் பயிற்சிப் பாடத்தில் முதலில் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், அக்காவின் ஆஸ்பத்திரிக்கும் போனது. வார்டு நர்ஸுகள் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். அவளோடு முறை வைத்து உட்கார்ந்த, அவள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்துபோன மூன்று பேரும் திரையில் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதை மட்டும் அக்கா அவனிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மூன்று பேரும் அவளோடு பேசுவதில்லை, சாப்பாட்டு மேஜையில் அவள் வந்தால் எழுந்து போகிறார்கள், வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று. சண்டை போடுவாள், முகத்தில் அறைவாள் என்று எண்ணிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடம் போனான். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனான். அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வார்டுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"மாத்தல் கேட்டியாமே?"

"ஆமா. அங்க டூட்டி நேரம் வசதி."

"நான் பேசினதாலதானே? எதாவது சொல்லுக்கா."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பதில் அவனுக்குத் தெரியும். கம்பெனி ஆளாக ஆஸ்பத்திரிக்குக் கேள்வி கேட்கப் போனால், ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைக்கும் நர்ஸுகள் கொடுக்கும் பதில். அதை நம்பாதீர்கள் என்று போன வாரம்தான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தான். அக்கா கடைசித் துணியை உதறிப் போட்டு, கிளிப்பை மாட்டிவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"கேள்வியெல்லாம் முடிஞ்சுதா சார்?" என்றாள்.

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.