ஓடிலோன் சூப்புக்கு அனுப்பிய புறாக்கள்

என் அண்ணன் ஓடிலோன் நாற்பது வருஷம் ஓட்டுத் தொழிற்சாலையில் சூளைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "புறாவுக்கு ஜோடி போட்டே பொழுது போயிடுது, எனக்கு எங்க போடுறது?" என்பான். நானும் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவன் காரணமில்லைதான். ஆனாலும் அவன் சட்டையில் அப்பிய புறா எச்சத்தைத் துவைத்துத் துவைத்தே என் இளமை போனது என்று சொல்லிக்காட்ட நான் ஒருநாளும் தவறியதில்லை.

பிரான்ஸ் எல்லைக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் பந்தயப் புறா உண்டு. டிசம்பர் வந்தால் எல்லோருக்கும் ஒரே கவலை, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எதற்கும் எதற்கும் ஜோடி போடுவது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் கூடைகளோடு பீர்க்கடைக்கு வந்துவிடுவார்கள். ஓடிலோன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் குழல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புறாவின் தலையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவான். கண்மணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா, அது முழுசா அரைகுறையா, வெளிச்சம் பட்டதும் கண்மணி எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, நிறத்தில் ஆழம் உண்டா என்று பார்ப்பான். பிறகு ஒரே வார்த்தைதான். "வை" என்பான், இல்லை "சூப்பு" என்பான். சூப்பு என்று சொன்னால் அன்று மத்தியானமே அந்தப் புறா சட்டிக்குள் இருக்கும். மறுபேச்சே கிடையாது.

இருபத்துமூன்று வருஷம் இப்படி. அவன் வாயிலிருந்து வந்த சூப்பு என்ற வார்த்தைக்கு எத்தனை கழுத்துகள் திருகப்பட்டன என்று யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. நன்றாகச் சமைப்பேன் என்று பெயர் எடுத்தவள் ஆயிற்றே, பாதிப் புறாக்கள் என் அடுப்புக்குத்தான் வந்தன.

அவனுக்கு எதிர்க்கட்சி ஒரே ஆள். புறாப் பந்தயச் சங்கச் செயலாளர் வலேர். அவருக்குத் தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா வரை எழுதிய வம்சத் தாள் வேண்டும். புறாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே தாளைக் கேட்பார்.

"என்ன ஓடிலோன், இன்னிக்கு எத்தனை பேருக்குத் தூக்கு?" என்று கேட்பார்.

"தாளைக் கூடையில வச்சுப் பாருங்க வலேர். சாயங்காலத்துக்குள்ள வீடு வந்து சேருதான்னு பாப்போம்" என்பான் என் அண்ணன். கடையே சிரிக்கும். வலேர் மட்டும் பீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் அக்டோபரில் எங்கள் பக்கத்து வீட்டு ஜூல்ஸ் இறந்துபோனார். அவர் மனைவி எலோடியால் நாற்பது புறாவுக்குத் தீனி போட முடியாது. பத்துதான் முடியும். எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டிசம்பரில் ஓடிலோனைக் கூப்பிட்டாள். போனான். நானும் போனேன்.

ஜூல்ஸ் ஒரு நீல நோட்டில் எல்லாப் புறாவின் வம்சமும் எழுதி வைத்திருந்தார். ஒரு சாம்பல் பெட்டையின் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு, 'இவளைக் கொடுக்காதே' என்று எழுதியிருந்தது. ஓடிலோன் அந்தப் பெட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். வெளுத்த கண். வளையம் என்று ஒரு கோடுகூட இல்லை. அவளுடைய மகன், இரண்டு வயது ஆண், அவன் கண் அருமை. "இவனை வை. தாய் சூப்பு" என்றான்.

எலோடி நோட்டை நீட்டினாள். "அவரு இப்படி எழுதி வச்சிருக்காரே ஓடிலோன்?"

"எழுதுனது பறக்காது எலோடி."

அவள் அவனை நம்பினாள். புருஷன் எழுத்தைவிட அவன் வாயை நம்பினாள். பெட்டை சட்டிக்குப் போயிற்று.

அடுத்த ஜூலையில் அந்த மகன் புறா பார்சிலோனாப் பந்தயத்திலிருந்து பறந்து வந்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாகாணத்திலேயே இரண்டாவது. வெளியூர்க்காரர்கள் சைக்கிளிலும் காரிலும் எலோடி வீட்டுக்கு வந்து, தாய் எங்கே, தாயின் முட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். எலோடி ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். "அதைச் சாப்பிட்டுட்டோம்."

நான் அண்ணனைத் தேற்றத்தான் பார்த்தேன். "மகனை வைக்கச் சொன்னதும் நீதானே? அது சரியாத்தானே போச்சு?" என்றேன்.

"வாயை மூடு சுல்மா" என்றான். அப்படி என்னிடம் பேசுகிறவன் இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பலகையும் ஆணியும் வாங்கி வந்து, முற்றத்தில் இரண்டாவது கூண்டு ஒன்று கட்டத் தொடங்கினான். என்ன இது என்று நான் கேட்கக் கேட்க, ஆணி அடித்துக்கொண்டே இருந்தான்.

டிசம்பரில் கடையில் எழுந்து நின்று சொன்னான். "இந்த வருஷம் நான் சூப்புன்னு சொல்ற எதையும் யாரும் கொல்லக் கூடாது. எனக்குக் குடுத்துடுங்க."

"ஏன், உன் வீட்டுல கறிக்குப் பஞ்சமா?" என்றது ஒரு குரல்.

"சுல்மா பட்டினி போடுறாளோ?" என்றது இன்னொரு குரல். அந்த ஆளுக்கு அன்று பீர்க்கடை வாசலிலேயே நான் பதில் சொல்லி அனுப்பினேன். அது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

பதினெட்டுப் புறாக்கள் சேர்ந்தன. எல்லாம் பிற வீட்டுப் புறாக்கள். வெளியே விட்டால் பிறந்த கூண்டுக்கே ஓடிவிடும். அதனால் அவற்றைப் பந்தயத்துக்கு விட முடியாது, அடைத்து வைத்து, இங்கேயே பிறக்கும் குஞ்சைத்தான் பந்தயத்துக்கு விட முடியும். பிப்ரவரியில் ஜோடி போட்டான். ஒரு கூண்டில் அவன் கண் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஜோடிகள். மற்றதில் அவனே தள்ளுபடி செய்தவை. இரண்டு பக்கமும் பன்னிரண்டு குஞ்சுகள். தீனி அளந்து போடுவான். நான் கண்ணழகிகளுக்குக் கொஞ்சம் கடலை கூடுதலாகப் போட்டதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் என்னைக் கூண்டுப் பக்கமே விடவில்லை.

ஒருநாள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான். "சூப்புக் குஞ்சுங்க தோத்தா, எலோடிக்கு நடந்தது ஒரு தப்பு. எல்லாருக்கும் நடக்குற தப்பு. ஜெயிச்சுடுச்சுன்னா, இருபத்துமூணு வருஷமா நான் சும்மா கழுத்தைத் திருகிட்டு இருந்திருக்கேன்."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? செத்தது திரும்பியா வரும்?"

"இந்த டிசம்பர்ல திரும்பவும் கூடையோட வந்து நிப்பாங்களே, அப்ப என்ன சொல்றது?"

ஆகஸ்டில் புர்ஜ் நகரத்துப் பந்தயம். பிரான்சின் நடுவிலிருந்து, இளம் புறாக்களுக்கு. இருபத்துநான்கையும் கூடையில் ஏற்றினான். சங்கத்தில் ஒவ்வொன்றின் காலிலும் ரப்பர் வளையம் மாட்டினார்கள். புறா வீட்டுக்கு வந்ததும் அந்த ரப்பரைக் கழற்றி, முத்திரை வைத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டுச் சாவியைத் திருக வேண்டும். அந்த நேரம்தான் கணக்கு. கூரையில் வந்து உட்கார்ந்ததெல்லாம் கணக்கில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திறந்துவிட்டதாக வானொலி சொன்னது. தென்மேற்குக் காற்று, வானம் தெளிவு. பன்னிரண்டரைக்கே நாங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டோம். புறா மிரண்டுவிடும் என்று கொடியில் ஒரு துணிகூடப் போடவில்லை. அவன் ஒரு தலைகீழ்ப் பெட்டிமேல் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் தீனி டப்பா. வந்த புறாவைக் கூண்டுக்குள் இறக்க டப்பாவைக் குலுக்குவது எப்போதும் என் வேலை.

ஒன்று இருபதுக்குத் தேவாலயக் கோபுரத்துக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. அது சிறகை மடக்கிக்கொண்டு நேராக விழுந்தது. கூரை விளிம்பில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பியது. எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பால் ஊற்றிய மாதிரி வெளுத்த கண். சூப்புக் கூண்டுப் பெட்டை.

நான் டப்பாவைக் குலுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குலுக்க மனம் வரவில்லை. அடுத்தது வரட்டும், அது கண்ணழகியாக இருக்கட்டும், அதை முதலில் பதிந்துவிடலாம், இது கூரையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். புறா கூரையில் உட்கார்ந்து அடம்பிடிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே. என் அண்ணனின் இருபத்துமூன்று வருஷப் பெயர் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குலுக்கு சுல்மா" என்றான்.

"கொஞ்சம் இரு. தெற்கே இன்னொண்ணு வருது பாரு."

நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. அவனும் அதைப் பார்த்தான். முகம் சூளையிலிருந்து வெளியே வந்தவன் முகம் மாதிரிச் சிவந்திருந்தது. எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவை வாங்கினான். குலுக்கினான். வெளுத்த கண்ணுக்காரி கூண்டுக்குள் இறங்கினாள். ரப்பரைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுச் சாவியைத் திருகினான். அதன் பிறகுதான் பெட்டிமேல் போய் உட்கார்ந்தான். இரண்டாவதாக வந்த கண்ணழகியைப் பிடிக்கக்கூட அவன் எழுந்திருக்கவில்லை, நான்தான் பிடித்துப் பதிந்தேன்.

மாலைக்குள் சூப்புக் குஞ்சுகள் ஒன்பது வந்துவிட்டன. கண் பார்த்து எடுத்தவை எட்டு.

ஆறு மணிக்குக் கடையில் எல்லோருடைய கடிகாரங்களையும் திறந்தார்கள். வலேர் வாசித்தார். சங்கத்தில் முதலிடம், ஓடிலோன். கைதட்டினார்கள். யாரோ பீர் நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை.

"அது நான் தள்ளுன ஜோடியோட குஞ்சு" என்றான். "தாய்க்கும் தகப்பனுக்கும் சூப்புன்னு சொன்னேன். ரெண்டோட கண்ணும் வெளுப்பு. இந்தக் கடையிலதான் சொன்னேன்."

வலேர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தத் தகப்பன் யாரோட வம்சம் தெரியுமா? என்கிட்ட தாள் இருக்கு! நான் அப்பவே..."

"வலேர், உங்க தாள்ல இருக்குற வம்சத்துக் குஞ்சு ஆறு என் கூண்டுல இருந்துச்சு. ஒண்ணு முதல்ல வந்துச்சு. ரெண்டு சாயங்காலம் வந்துச்சு. மிச்சம் மூணும் இன்னும் பிரான்சுலதான் இருக்கு. போய் அதுங்ககிட்ட தாளைக் காட்டுங்க." சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாது. அதான் உண்மை. கண்ணைப் பாத்தா எனக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன், நீங்களும் கொன்னுட்டீங்க. இனிமே நான் சூப்புன்னு சொல்ல மாட்டேன். பறக்க விட்டுட்டு வாங்க, அப்பறம் பேசலாம்."

"அப்ப இந்த டிசம்பர்ல யாருகிட்ட போய்க் கேக்குறது?" என்று ஒருவன் நிஜமான கோபத்தோடு கேட்டான்.

எலோடி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ஜூல்ஸ் போனதிலிருந்து பந்தய நாளில் அவள்தான் கடிகாரத்தைக் கொண்டுவருவாள். ஓடிலோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"ஜூல்ஸ் எழுதினதுதான் சரி எலோடி. நான் சொன்னது தப்பு. அந்தப் பெட்டையை நான்தான் கொன்னேன்."

அவள் மடியிலிருந்த கடிகாரப் பெட்டியை மேஜைமேல் எடுத்து வைத்தாள்.

"அவரு போனதுக்கப்பறம் ரெண்டு மாசம் எனக்குச் சோறே எறங்கல" என்றாள். "அந்தப் பெட்டையை ஆக்குன அன்னிக்கு ராத்திரிதான் பசிச்சுச் சாப்பிட்டேன். ரெண்டு தட்டு. நல்லா இருந்துச்சு ஓடிலோன். அதைத்தான் என்னால மறக்க முடியல."

அவன் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டையைச் சூப்பு வைத்து, சட்டி சூடு ஆறுவதற்குள் அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.