இரண்டு நூல் இடைவெளி

என் கணவரின் தங்கைக்குத் திருமணம் நிகழவிருந்த நாளின் காலையில், மணமகளை ஏற்றிச் செல்ல வேண்டிய மகிழுந்து, இடப்பக்க முன்சக்கரத்தின்மேல் யாதொரு காப்புமின்றி, பல் விழுந்த வாய்போல் எங்கள் வாசலில் நின்றது.

சக்கரத்தின்மேல் வளைந்து நின்று சேறு தெறியாமல் காக்கும் அத்தகட்டை ஊரார் மட்கார்டு என்பர். நான் அதற்குச் சேறுகாப்பு என்று பெயர் சூட்டியிருந்தேன். என்னைத் தவிர எவரும் அப்பெயரை வழங்கியதில்லை. முந்திய நாள் வாலாஜாபாத் சாலையில் உழவர்கள் போரடிக்கப் பரப்பியிருந்த கேழ்வரகுக் கதிரின்மேல் ஓர் ஆடு படுத்திருந்தது. ஆட்டுக்கு வழிவிட்ட என் கணவர் மைல்கல்லுக்கு வழிவிட மறந்துபோனார். கல்லுக்கு ஒன்றும் நேரவில்லை. சேறுகாப்போ கசக்கிய தாள்போலச் சுருண்டு சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. அதைக் கழற்றி எறிந்த பிறகே வண்டி வீடு வந்து சேர்ந்தது.

வேறொரு நாளாயிருந்தால் இது பெரிதன்று. ஆனால் நிச்சயத்தின்போது மணமகனின் அத்தை, “பொண்ணு பஸ்ஸுலதான் வரும்போல கீது, டிக்கெட்ட நாங்களே எடுத்துடறோம்” என்று அனைவர் முன்னிலையிலும் நகைத்திருந்தார். அன்றே என் நாத்தனார், தன் அண்ணன் வண்டி ஓட்ட, அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்துதான் மாதா கோவில் வாசலில் இறங்குவதென்று உறுதி பூண்டாள். அந்தக் கருநிற வண்டியும், என் கணவர் விடுமுறைதோறும் கழற்றிப் பூட்டி உயிர்ப்பித்த பழையதொன்று. அதன் முதல் மங்கலப் பயணம் தங்கையுடையதாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மோதிய செய்தி மணமகன் வீட்டாரை எட்டியதும், “பகல் இரண்டு மணிக்கு எங்கள் வேனை அனுப்புகிறோம், உங்கள் வண்டி ஓடவில்லையென்றால் பெண்ணை அதில் ஏற்றிவிடுங்கள்” என்று சொல்லியனுப்பிவிட்டனர்.

சுங்குவார்சத்திரத்தின் மெக்கானிக் தன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். உறவினரெல்லாம் காலைப் பேருந்திலேயே கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டனர். வீட்டில் எஞ்சியவர் மூவர்: தொழிற்சாலையில் பணியாற்றிய என் கணவர், தையற்கலை பயின்ற மணமகள், பள்ளியில் தமிழ் கற்பித்த நான். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கப்பெற்று, பேருந்தின் கூரைமேல் பயணம் செய்து வந்திறங்கிய மாற்றுச் சேறுகாப்பை மூடியிருந்த கோணியை விலக்கினோம். அது பால்வெண்மையாயிருந்தது.

“இன்னாண்ணே இது, கருப்புப் பாவாடைக்கு வெள்ளத் துணியில ஒட்டு போட்டாப்புல கீது?” என்றாள் மணமகள்.

“கண்ணு படக் கூடாதுல்ல? கருப்பு வண்டிக்குக் கருப்புப் பொட்டு வெச்சா எவனுக்குத் தெரியும்? அதான் வெள்ளப் பொட்டு” என்றார் அவர், சிறிதும் அசராமல்.

தகட்டை நாங்கள் இருவரும் தாங்கிப் பிடிக்க, அவர் அதனை இடத்தில் பொருத்தி, விளக்குப் பக்கம் தொடங்கிக் கதவுப் பக்கம் வரை எல்லா போல்ட்டுகளையும் ஒரே மூச்சில் இறுக முடுக்கினார். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். தலையில் மல்லிகையும் உடம்பில் பழைய நூற்புடவையுமாக நின்ற மணமகள், வலப்பக்கமாக உள்ளே ஏறி, இடப்பக்க இருக்கையில் அரசிபோல் அமர்ந்து, அப்பக்கத்துக் கதவைத் திறந்தாள். அது நான்கு விரற்கடை நகர்ந்து, வீதியே கூசும்படி கிறீச்சிட்டு நின்றுவிட்டது. சேறுகாப்பின் விளிம்பு பின்னுக்குத் தள்ளிவந்து கதவின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

“ஃபேக்டரில இத்தினி வருஷமா இன்னாத்தண்ணே டைட் பண்ணினு இருந்தே?” என்று சாளரத்தின் வழியே குரல் வந்தது.

“அங்க சூப்பர்வைசர் திட்டுவாரு, இங்க நீ திட்டற. அங்க திட்டு வாங்கினா ஓ.டி. குடுப்பாங்க, அதான் வித்தியாசம்” என்றபடி அவர் மீண்டும் தரையில் படுத்தார்.

போல்ட்டுகள் அனைத்தும் தளர்த்தப்பெற்றன. மணமகள் வந்த வழியே இறங்கி வந்தாள். சக்கர வளைவின் அடியிலிருந்து ஆணை பிறந்தது: “கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு நூல் வெச்சிப் புடிங்க, நான் முடுக்கறேன்!”

நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பாராமலே வீட்டுக்குள் ஓடினோம். திரும்பி வந்தபோது என் கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. அவள் கையில் ஒரு வெள்ளை நூற்கண்டும் ஒரு சிவப்பு நூற்கண்டும் இருந்தன. திருமணமான நாள்முதல் என்னைக் கேலி செய்வதற்காகவே என் கணவர் வீட்டில் புத்தகம் என்னும் சொல்லை விட்டொழித்து, “டீச்சரம்மா, உன் நூலு மழைல நனையுது பாரு” என்றே பேசிவந்தார். ஆகவே எனக்கு ஐயமே எழவில்லை. தையற்காரிக்கோ எழுவதற்கு வழியேயில்லை.

அவர் தலையை மட்டும் வெளியே நீட்டி முதலில் என் கைகளைப் பார்த்தார். பிறகு தங்கையின் கைகளைப் பார்த்தார்.

“டீச்சரம்மா, கதவு பரீட்சைக்குப் படிக்கப் போவுதா?”

“நூல்னு நீங்கதானே சொன்னீங்க!”

“நீ இன்னாத்துக்குடி கண்டு எட்த்தாந்தே? மட்கார்டுக்குப் பட்டன் தெக்கப் போறியா?”

அதற்குமேல் அவராலும் பேச இயலவில்லை. படுத்தபடியே குலுங்கிச் சிரித்ததில் நெற்றி வளைவுத் தகட்டில் இடித்தது. இடித்ததற்கும் சேர்த்துச் சிரித்தார். மணமகள் மல்லிகை உதிர உதிரப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டறையில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் வரும் ஒரு பங்குக்கு நூல் என்று பெயராம். நூலுக்கு இலக்கணம் வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்தியிருந்த எனக்கு, அச்சொல் ஸ்பேனரோடு குடித்தனம் நடத்துவது அன்றுதான் தெரியவந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவேயில்லை. கண்ணீர் வரச் சிரித்தேன்.

கொண்டுவந்த பொருள்கள் வீணாகவில்லை. ஒரு புத்தகம் தலையணைபோல் தடித்தது. அதை அவர் தலைக்கு வைத்துக்கொண்டார். மற்றொன்று மெலிந்தது, ஏறத்தாழக் கால் அங்குலம். அதைக் கதவின் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே செருகிப் பிடித்தேன். மேற்புறம் ஒரு போல்ட் முடுக்கினார். புத்தகத்தைக் கீழ்ப்புறம் இறக்கினேன், அங்கும் முடுக்கினார். மணமகள் வெள்ளை நூலின் ஒரு முனையை விளக்கில் கட்டி, மறுமுனையைப் பின்கதவின் கைப்பிடி வரை இழுத்துப் பிடித்து, புடவைக் கரையைப் பார்ப்பவள்போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

“முன்பக்கம் தூக்கினு கீது. ஒரு நூல் எறக்குண்ணே!”

“எந்த நூல்?” என்று நான் கேட்டுவிட்டேன். கெட்டது காரியம். சிரிப்பில் மூவர் கையும் தளர்ந்து, சேறுகாப்பின் முன்பக்கம் தொப்பென்று இறங்கி அவர் வயிற்றின்மேல் அமர்ந்தது. மீண்டும் தூக்கி, இரண்டு வாஷர் சேர்த்து, பானெட்டின் ஓரத்தை ஒப்புநோக்கி, விளக்குப் பக்கத்தை இறுதியில் முடுக்கத் தொடங்கிய வேளையில் தெருமுனையில் ஹாரன் ஒலித்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. மணமகளின் முகம் வெளிறியதை அப்போதுதான் கண்டேன்.

வேனிலிருந்து எட்டிப் பார்த்தவர் அதே அத்தை. “இன்னாம்மா, கல்யாணப் பொண்ணா, கரி மூட்டை எறக்கினவளா? வண்டி அம்போதானே? வா, வந்து ஏறு.”

மணமகள் இடப்பக்கக் கதவின் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். கதவு ஓசையின்றி, எண்ணெய் வழுக்குவதுபோல், முழுவதும் திறந்துகொண்டது.

“நீங்க முன்னால போங்க அத்தே. நான் மூஞ்சி கழுவினு, பொடவ மாத்திக்கினு, எங்க அண்ணன்கூட வர்றேன்.”

“மட்கார்டு ஏன் வெள்ளையா கீது?”

“கல்யாண வண்டி இல்லியா? பொண்ணுக்கு வெள்ளப் பொடவ மாதிரி அதுக்கும் கட்டியிருக்குது.”

வேன் மணமகள் இல்லாமலே திரும்பியது.

அரைமணியில் நாங்களும் கிளம்பினோம். வெள்ளைப் பட்டும் தலைத்திரையுமாக அவள் முன்னிருக்கையில். நான் பின்னிருக்கையில் மாலைகளுக்கு நடுவே. வழியில் தேநீருக்காக நின்றிருந்த வேனைக் கடந்தபோது என் கணவர் ஹாரனை அழுத்திய நீளத்துக்கு ஒரு வெண்பாவையே பாடி முடித்திருக்கலாம். முன்சக்கரம் எங்கும் உரசவில்லை. அவர் நெற்றியில் புடைப்பு. என் நகங்களில் கரி. மூவரும் காரணமின்றி அவ்வப்போது வெடித்துச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

கோவில் வாசலில் மணமகனும் சாமியாரும் உறவினரும் காத்திருந்தனர். வண்டி நின்றதும் மணமகளே கதவைத் திறந்தாள். வலக்காலைத் தரையில் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, காலை உள்ளிழுத்துக் கதவை மெல்ல மூடிக்கொண்டாள். கூட்டம் திகைத்தது. மணமகன் பதறி ஓரடி முன்வந்தார்.

“எறங்கலியா?”

“இருங்க,” என்றாள் அவள். “இன்னொரு தபா தொறக்கறேன்.”