கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் கொலைக்கதை என்றால் கொலைகாரனை முதலில் பிடிப்பது நான்தான். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

அப்போது சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி மாதா கோயிலுக்குப் போகிறவள். மத்தியானம் நான் நெத்திலிக்குத் தலை கிள்ளுவேன், அவள் சிராங்கூன் ரோட்டு வாடகைப் புத்தகக் கடையில் எடுத்த துப்பறியும் நாவலை வாசிப்பாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். முடிவு தெரியாவிட்டால் நெஞ்சு படபடக்கிறதாம். எனக்கு அது வசதி. கொலைகாரன் கதைக்குள் வந்ததும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும், கண் ஒருமுறை என் பக்கம் வந்துபோகும். பிடித்துவிடுவேன்.

“எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க? போலீஸ்ல சேந்துடலாம் லா நீங்க” என்பாள். நான் சொன்னதே இல்லை.

தளத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்த வருஷம் அது. குடியுரிமை எடுக்காதவர்களுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எடுத்திருந்தோம், அவள் புருஷன் எடுக்கவில்லை. கடிதம் வந்தால் ஊருக்கு நாகப்பட்டினம் கப்பல்தான். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தினமும் அந்தப் பயம்.

அந்தச் சமயம் ஓடியது ஒரு மலை பங்களாக் கதை. பெரியவரைப் பாலில் விஷம் வைத்துக் கொன்றிருந்தார்கள். தம்பி, டாக்டர் எல்லாரையும் விசாரித்த துப்பறிவாளன், பால் காய்ச்சியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவனெல்லாம் ஒரு துப்பறிவாளனா என்று நான் திட்டுவேன், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை. தம்பி வந்தாலும் குரல் இறங்கியது, டாக்டர் வந்தாலும் இறங்கியது, தோட்டக்காரன் வந்தாலும் இறங்கியது. கண் மட்டும் என் பக்கம் வரவே இல்லை.

“கடிதாசி வந்துடுச்சா புள்ள?” என்றேன்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். “போன வாரமே வந்துருச்சுக்கா. கதை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

“எல்லாத்துக்கும் முடிவ முதல்ல பாக்குறவ, எங்கிட்ட மட்டும் கடைசியா சொல்றியா?”

அவள் நெத்திலித் தட்டைத் தன் பக்கம் இழுத்து நாலைந்து தலை கிள்ளினாள். நாளைக்குச் சாமான் கட்ட வேண்டும், மீதியை இப்போதே படித்துவிடட்டுமா என்று கேட்டாள். படி என்றேன்.

விளக்கு வைக்கும் நேரம் வரை வாசித்தாள். யார் கொன்றது, எதற்காக, எல்லாம் வாசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. அந்தப் பெரியவரைக் கொன்றது யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.