இரண்டு அட்டை, ஒரே மருந்து

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் அக்காவுக்கு இருபத்திரண்டு வருட வேலை. எழுபது தாண்டியவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்ததால் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. அதிலிருந்து நாலு கேள்வி கேட்காமல் அக்கா எதையும் கொடுப்பதில்லை.

ஒரு நாள் காலை, ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்டு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

"என்னாச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

கூட வந்த மனைவி விடவில்லை. "பொய் சொல்றாரு. கட்டில்லேருந்து எந்திரிச்சதும் அப்படியே சாஞ்சுட்டாரு. இது ரெண்டாவது தடவை."

"வீட்ல இருக்கற மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார் அக்கா.

"ஒரு மாத்திரை கேட்டா வீட்டையே காலி பண்ணச் சொல்றாங்க!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர், அரைமணி நேரத்தில் பையோடு வந்தார்.

அக்கா எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். காலாவதியான இருமல் மருந்து, பாதி தீர்ந்த களிம்பு, ஐந்தாறு மாத்திரை அட்டைகள். அதில் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்க குடுத்தது?"

"பெரியாஸ்பத்திரியில."

"இது?"

"அடுத்த தெரு டாக்டர் எழுதினது."

"மேல பேருதான் வேற. கீழ பொடி எழுத்துல பாருங்க. ரெண்டும் ஒரே பிரஷர் மருந்து. ரெண்டையும் சேத்துப் போட்டா பிரஷர் ரொம்ப இறங்கிடும்."

டிரைவருக்கு முகம் வாடிவிட்டது. "கலர் வேறயா இருந்துச்சேம்மா. முப்பத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டினேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. இப்ப வீட்டுக்குள்ளயே விழறேன்."

"உங்க தப்பு மட்டுமா? ரெண்டு டாக்டருக்கும் ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும்."

அங்கேயே அடுத்த தெரு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் உடனே வரச் சொல்லி, பிரஷர் பார்த்து, ஒன்றை நிறுத்தினார். திரும்பி வந்தவரை அக்கா விடவில்லை. "எதை எப்ப போடணும், நீங்களே சொல்லுங்க பாப்போம்."

பரீட்சைக்கு நிற்பவர்போல ஒப்பித்தார். ஓர் இடத்தில் தடுமாற, மனைவி எடுத்துக்கொடுத்தார்.

"காப்பியடிக்கக் கூடாது" என்றார் அக்கா. மூவரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் தலைசுற்றல் நின்றது. டிரைவர் சும்மா இருப்பாரா? அக்கம்பக்கத்தில் வயதானவர்களையெல்லாம் பையும் கையுமாகக் கிளப்பிக்கொண்டு வர ஆரம்பித்தார். புதன்கிழமை மதியம் அதற்கென்றே ஆகிப்போனது. கூட்டத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்த முதலாளி, பிறகு நாற்காலி வாங்கிப் போட்டார்.

போன வாரம் டிரைவரின் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் வந்து, பையை மேசையில் கொட்டிவிட்டு, "இவ்வளவுதான்" என்று கையை விரித்தார்.

டிரைவர் மெதுவாகக் குனிந்து, "கைப்பையில தூக்க மாத்திரை இருக்குமே, அதையும் எடுங்க டீச்சர்" என்றார்.